ஃபயர்வாலை விஎம்மாக ஓட்டப்போகிறீர்களா? பெயருக்கு முன் போர்ட்டைத் தீர்மானியுங்கள்

ஒரு லினக்ஸ் சர்வர், அதில் கேவிஎம் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி), அதற்குள் ஒரு விஎம்மாக, அதாவது மெய்நிகர் கணினியாக, ஃபயர்வால். இந்த ஏற்பாட்டுக்குப் போக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஃபயர்வால் மென்பொருளைப் பற்றிக் கேட்பது "ஓபிஎன்சென்ஸா, பிஎஃப்சென்ஸா, வையோஎஸ்ஸா?" என்றுதான். நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். மென்பொருள் பிடிக்காமல் போனால் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். பக்கத்திலேயே இன்னொரு விஎம்மை எழுப்பி, விதிகளை அதில் எழுதி, பழையதை நிறுத்திப் புதியதைக் கிளப்பினால் முடிந்தது. நெட்வொர்க் கார்டை அந்த விஎம்முக்கு எந்த முறையில் கொடுத்தீர்கள் என்பது அவ்வளவு சுலபமாக மாறாது. வேகம், லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றுவது), இரட்டை ஃபயர்வால் ஏற்பாடு (ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்வது), நடு இரவில் இணைப்பு அறுந்தால் உள்ளே நுழையும் வழி, இத்தனையும் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. அதனால் இந்த ஒப்பீட்டில் போர்ட்டுக்கு நிறைய இடம், பெயர்களுக்குக் குறைவான இடம்.

தனிப் பெட்டியா, விஎம்மா?

இதை முதலில் முடித்துவிடுவோம். கேவிஎம் 2007-இல் 2.6.20 கர்னலோடு லினக்ஸுக்குள் வந்தது. இத்தனை வருடத்தில் நன்றாக உரம் ஏறியிருக்கிறது. ஆனாலும் கெஸ்ட்டிலிருந்து (விஎம்மிலிருந்து) ஹோஸ்ட்டுக்குள் (அதைத் தாங்கும் சர்வருக்குள்) தாவும் ஓட்டைகள் அவ்வப்போது வெளியாகத்தான் செய்கின்றன. 2015-இல் வெளிவந்த வெனம் என்ற ஓட்டை, விஎம்முக்குச் சாதனங்களைப் போலச் செய்து காட்டும் கியூஇஎம்யூ மென்பொருள் வைத்திருந்த மெய்நிகர் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது. யாரும் பயன்படுத்தாத ஒரு சாதனத்தின் நிரல். 2019-இல் வந்தது இன்னும் பக்கத்தில் தொடும் விஷயம்: வீஹோஸ்ட்-நெட் என்ற கர்னல் பகுதியில், லைவ் மைக்ரேஷன் நடக்கும் சமயத்தில் கெஸ்ட் ஹோஸ்ட்டின் நினைவகத்தில் எல்லை மீறி எழுத முடிந்தது. உங்கள் ஃபயர்வாலின் பாக்கெட்டுகள் போய் வரும் வழியே அந்த வீஹோஸ்ட்-நெட் தான்.

இரண்டுக்கும் எப்போதோ திருத்தம் வந்துவிட்டது. இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. ஃபயர்வால் விஎம் இருக்கும் ஹோஸ்ட்டில் கண்ட கண்ட சோதனை விஎம்களையும், யார் யாரோ ரூட் அதிகாரம் வைத்திருக்கும் விஎம்களையும் சேர்த்து ஏற்றாதீர்கள் என்பதற்காக. கூடவே, சவுண்ட் கார்டு, யூஎஸ்பி கன்ட்ரோலர் என்று அந்த விஎம்முக்குத் தேவையே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதனங்களையும் கழற்றி எறிந்துவிடுங்கள். அப்புறம் ஹோஸ்ட் கர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ரீபூட் வரும், ஃபயர்வாலும் கூடவே படுக்கும். இரண்டாவது ஹோஸ்ட்டும் இல்லை, மாதம் ஒரு முறை பத்து நிமிடம் இணைப்பை நிறுத்தவும் அனுமதி இல்லை என்றால் தனிப் பெட்டி வாங்குவதே நல்லது. அந்த இரண்டில் ஒன்று கைவசம் இருந்தால், விஎம் தரும் வசதியைத் தனிப் பெட்டி தராது. அப்கிரேடுக்கு முன் அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கலாம், சொதப்பினால் இரண்டு நிமிடத்தில் பழையதற்குத் திரும்பலாம்.

ஹோஸ்ட்டிலேயே லினக்ஸின் சொந்த பாக்கெட் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸ் விதிகளை எழுதிவிட்டால் விஎம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஹோஸ்ட் இணையத்துக்கு நேராக நிற்க வேண்டியிருக்கும், விஎம்களை எழுப்புகிறவரும் ஃபயர்வால் விதிகளை எழுதுகிறவரும் ஒரே ரூட்டைப் பகிர வேண்டியிருக்கும். எனக்கு அந்தக் கலப்பு பிடிப்பதில்லை.

போர்ட்டைக் கொடுக்கும் வழிகள்

பரவலாக இருப்பது லினக்ஸ் பிரிட்ஜும் (ஹோஸ்ட்டுக்குள் இயங்கும் மென்பொருள் ஸ்விட்ச்) விர்ட்ஐஓ கார்டும் (விஎம்களுக்கென்றே அமைந்த மெய்நிகர் நெட்வொர்க் கார்டு). ஹோஸ்ட்டில் வான் (இணையம்) பக்கத்துக்கு ஒரு பிரிட்ஜ், லேன் (உள் நெட்வொர்க்) பக்கத்துக்கு ஒரு பிரிட்ஜ், இரண்டிலும் ஃபயர்வால் விஎம்முக்கு ஒவ்வொரு விர்ட்ஐஓ கார்டு. லைவ் மைக்ரேஷன் செய்யலாம், ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையின் நகல்) எடுக்கலாம், அதே ஹோஸ்ட்டில் இருக்கும் மற்ற விஎம்களையும் லேன் பிரிட்ஜில் கோத்துவிடலாம். ஏதாவது கோளாறு என்றால் ஹோஸ்ட்டில் உட்கார்ந்தே பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டி பாக்கெட் எதுவரை வந்தது என்று பார்க்கலாம். இந்தக் கடைசி வசதியின் அருமை கோளாறு வந்த அன்றைக்குத்தான் தெரியும்.

வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு பிட்டில் இல்லை, பாக்கெட்டில் இருக்கிறது. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் சட்டகங்களே ஓடினால் நொடிக்குச் சுமார் 1.488 கோடி பாக்கெட். அதே இணைப்பில் 1518 பைட் முழுச் சட்டகங்கள் ஓடினால் நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான். சாதாரண அலுவலக டிராஃபிக் இரண்டாவது கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும். குரல் அழைப்புகளும் டிஎன்எஸ்ஸும் நிறைய உள்ள இடம் முதலாவதை நோக்கி நகரும். ஒரு கிகாபிட் இணையத்துக்கு விர்ட்ஐஓ தாராளம். அதற்கு மேலே போகும்போது மல்டிகியூவை (பாக்கெட்டுகளைப் பல வரிசைகளாகப் பிரிப்பதை) திறந்து, கியூக்களின் எண்ணிக்கையை விசிபியுக்களுக்கு (விஎம்மின் மெய்நிகர் சிபியுக்களுக்கு) சமமாக வைத்து, அந்த விசிபியுக்களைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டிப்போட்டுப் பாருங்கள். அதிலும் போதாவிட்டால்தான் கீழே வரும் வழிகளைத் தேட வேண்டும்.

பிரிட்ஜ் முறையில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. மூன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பல இரவுகள் மிஞ்சும்.

முதலாவது செக்சம், அதாவது பாக்கெட் பழுதாகாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண். ஒரே ஹோஸ்ட்டில் உள்ள இரண்டு விஎம்கள் விர்ட்ஐஓ வழியாகப் பேசும்போது, அனுப்புகிற விஎம் டிசிபி செக்சமை முழுதாகக் கணக்கிடுவதில்லை. கடைசியில் கார்டு நிரப்பிக்கொள்ளும் என்று பாதியில் விட்டுவிடும். ஆனால் பாக்கெட் எந்த நிஜக் கார்டையும் தொடாமலே அடுத்த விஎம்முக்குப் போய்விடுகிறது. லினக்ஸ் கெஸ்ட் இந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் ஃபயர்வாலில், பாக்கெட் நாட் (முகவரி மாற்றம்) வழியாகத் திருப்பி எழுதப்பட்டு வெளியே போகும்போது செக்சம் தவறாகவே போய்விடலாம். அறிகுறி மனதை மிகவும் குழப்பும்: பிங் போகும், வரும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். வலைப்பக்கம் மட்டும் திறக்காது, அல்லது அழுது வடியும். டிசிபிடம்ப்பில் பார்த்தால் இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் வெளியே போகிறது, பதில் வரவே இல்லை, மறுபடி சின், மறுபடி சின். நாமோ விதிகளில் தப்பைத் தேடிக்கொண்டிருப்போம். மருந்து ஒரே ஒரு டிக்தான். ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை (செக்சம் வேலையைக் கார்டிடம் விடுவதை) முடக்கும் அமைப்பு பிஎஃப்சென்ஸிலும் ஓபிஎன்சென்ஸிலும் இருக்கிறது. விஎம்மை எழுப்பியவுடன், முதல் விதியை எழுதுவதற்கு முன்பே, அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அதே ஹோஸ்ட்டில் டாக்கரை (செயலிகளைக் கன்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருளை) நிறுவுவது. லினக்ஸில் பிஆர்-நெட்ஃபில்டர் என்ற மாட்யூல் ஏறிவிட்டால், பிரிட்ஜில் போகும் பாக்கெட்டுகளும் ஹோஸ்ட்டின் சொந்த வடிகட்டியான ஐபிடேபிள்ஸின் விதிகளுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். டாக்கர் 1.13 பதிப்பிலிருந்து அதில் ஃபார்வர்ட் சங்கிலியின் (கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதித் தொகுப்பின்) இயல்பை டிராப் (தூக்கி எறி) என்று மாற்றி வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால், விஎம்களின் டிராஃபிக் ஹோஸ்ட்டிலேயே சத்தமில்லாமல் செத்துவிடும். ஃபயர்வாலின் லாகில் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் பாக்கெட் அங்கே வந்து சேரவே இல்லை. பிரிட்ஜ் பாக்கெட்டுகளை ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பும் கர்னல் அமைப்பை 0 ஆக்குவது ஒரு தீர்வு. நான் அதற்கும் ஒரு படி மேலே சொல்வேன்: ஃபயர்வால் இருக்கும் ஹோஸ்ட்டில் கன்டெய்னர் வேண்டாம். தேவையென்றால் அதற்கென்று ஒரு விஎம்மை எழுப்பி அதற்குள் ஓட்டுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வான் பிரிட்ஜில் ஹோஸ்ட்டுக்கு ஐபி முகவரி கொடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐபிவி4-ஐக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள், ஐபிவி6-ஐ மறந்துவிடுவார்கள். பிரிட்ஜ் எழுந்தவுடன் கர்னல் தானாகவே அதில் ஒரு லிங்க்-லோக்கல் முகவரியைப் போட்டுக்கொள்ளும். மறுமுனையில் இருக்கும் ரூட்டர் தன் அறிவிப்பை அனுப்பினால், ஹோஸ்ட் அதை ஏற்று ஒரு முழு இணைய முகவரியையும் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதாவது, ஃபயர்வாலுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக நாம் நினைக்கும் ஹோஸ்ட், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். வான் பிரிட்ஜ், அதில் கோத்த நிஜக் கார்டு இரண்டிலும் ஐபிவி6-ஐ முழுதாக அணைத்துவிடுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் அணைந்தே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சின்னதாக இன்னொன்று. வான் பக்கம் 802.1எக்ஸ் அங்கீகாரம் கேட்கும் இணைப்பாக இருந்தால், லினக்ஸ் பிரிட்ஜ் அந்தச் சட்டகங்களைக் கடத்தாமல் விழுங்கிவிடும். பிரிட்ஜின் குரூப் ஃபார்வர்ட் மாஸ்க்கை 8 ஆக்கினால் போக விடும்.

அடுத்தது மேக்விடேப். பிரிட்ஜ் உருவாக்கும் வேலை இல்லை, நிஜக் கார்டின் மேலேயே விஎம்மைக் கோத்துவிடலாம். அமைப்பது சுலபம் என்று பலர் இதில் விழுகிறார்கள். ஆனால் இதில் ஹோஸ்ட்டும் அதே கார்டில் தொங்கும் விஎம்மும் ஒன்றோடொன்று பேச முடியாது. லேன் பக்கம் இதைப் பயன்படுத்தினால் ஹோஸ்ட்டுக்கே ஃபயர்வால் கண்ணில் படாது. ஃபயர்வாலுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை, வான் பக்கத்துக்கு மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

முழுக் கார்டையும் கொடுத்துவிடுவது, அதாவது பிசிஐ பாஸ்த்ரூ, பலருக்கும் கவர்ச்சியாகத் தெரியும். கெஸ்ட்டுக்குள் நிஜக் கார்டு, நிஜ டிரைவர், நடுவில் யாரும் இல்லை. செக்சம் தொல்லை கிடையாது. ஹோஸ்ட்டின் கர்னல் அந்தப் பாக்கெட்டுகளைப் பார்ப்பதே இல்லை என்பதால் வான் பக்கத்துக்கு இது சுத்தமான பிரிப்பு. மேலே சொன்ன ஐபிவி6 விபத்துக்கும் இடமில்லை. இந்தக் காரணத்துக்காகவே, ஒற்றை ஹோஸ்ட் மட்டும் உள்ள இடத்தில் வான் போர்ட்டை பாஸ்த்ரூவாகவும் லேன் பக்கத்தை பிரிட்ஜாகவும் வைப்பதை நான் விரும்புகிறேன்.

விலை என்ன? லைவ் மைக்ரேஷன் போய்விடும், நினைவகத்தோடு சேர்த்து எடுக்கும் ஸ்னாப்ஷாட் போய்விடும். விஎம்மின் முழு நினைவகமும் ஹோஸ்ட்டில் பூட்டி வைக்கப்படும், பலூனிங் (நினைவகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது) செல்லாது. விஎம்மை ரீபூட் செய்தால் கார்டின் லிங்க்கும் விழுந்து எழும். அதனால் மறுமுனை மோடம் தன் பங்குக்கு ஒரு நிமிடம் யோசிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஐஓஎம்எம்யூ குழு என்ற சங்கதி இருக்கிறது. ஹார்டுவேர் எந்தெந்தச் சாதனங்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்று வைத்திருக்கிறதோ அந்தக் குழுக்களின்படிதான் கொடுக்க முடியும். நாலு போர்ட் கார்டு வாங்கி இரண்டை விஎம்முக்கும் இரண்டை ஹோஸ்ட்டுக்கும் வைக்கலாம் என்று திட்டமிட்டிருப்பீர்கள். நாலும் ஒரே குழுவில் இருந்தால், நாலையும் கொடு அல்லது ஒன்றையும் கொடுக்காதே என்றாகிவிடும். மதர்போர்டையும் கார்டையும் வாங்கிய பிறகு இது தெரிய வருவதுதான் வேதனை. கைவசம் இருக்கும் மெஷின் என்றால் லினக்ஸ் லைவ் யூஎஸ்பி போட்டு, ஐஓஎம்எம்யூவைத் திறந்து, சிஸ் அடைவின் கீழ் கர்னல் காட்டும் குழுப் பட்டியலை முதலில் பார்த்துவிடுங்கள். எந்தப் போர்ட் வழியாக நீங்கள் எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் இரண்டு முறை பாருங்கள். அதே போர்ட்டை விஎம்முக்குக் கொடுத்த கணத்தில் உங்கள் திரை உறைந்துவிடும்.

எஸ்ஆர்-ஐஓவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே நிஜப் போர்ட்டைப் பல சிறு மெய்நிகர் கார்டுகளாகக் கார்டே பிரித்துக் கொடுக்கும். இன்டெல் ஐ350-இல் போர்ட்டுக்கு 7, 82599-இல் போர்ட்டுக்கு 63. வேகம் பாஸ்த்ரூவுக்குப் பக்கத்தில் இருக்கும், ஹோஸ்ட்டும் அதே போர்ட்டைப் பயன்படுத்தலாம். காகிதத்தில் இதுதான் சிறந்தது. நடைமுறையில் ஃபயர்வாலுக்கென்று வரும்போது ஒரு முள் குத்தும். ஃபயர்வால் சாதாரண கெஸ்ட் கிடையாது. இரட்டை ஏற்பாட்டில் அது தனக்குக் கொடுக்கப்படாத ஒரு மேக் (கார்டின் வன்பொருள்) முகவரியிலும் பேச வேண்டும். இரட்டை ஏற்பாட்டுக்கான நெறிமுறைகளான விஆர்ஆர்பியும் கார்ப்பும் 00-00-5இ-00-01 என்று தொடங்கும் பொது மேக் முகவரியைப் பயன்படுத்துகின்றன. மெய்நிகர் கார்டோ, தன் சொந்த மேக்கைத் தவிர வேறு எதில் பாக்கெட் கிளம்பினாலும் போலி என்று தூக்கி எறியும். ஹோஸ்ட்டில் அந்த மெய்நிகர் கார்டுக்கு டிரஸ்ட்டைத் திறந்து, ஸ்பூஃப் செக்கை அணைத்தால்தான் நகரும். அதோடு, ஒரே போர்ட்டில் உள்ள இரண்டு மெய்நிகர் கார்டுகள் பேசிக்கொள்வது கார்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஹோஸ்ட்டில் டிசிபிடம்ப் போட்டால் வெறுமைதான் தெரியும். பல கிகாபிட் ஓடுகிற, கார்டின் குணம் அறிந்த ஆட்கள் இருக்கிற இடத்துக்கு இது. முதல் முறையாக அமைக்கிறவருக்கு வேண்டாம்.

கர்னலைத் தாண்டி பாக்கெட்டுகளைக் கையாளும் டிபிடிகேவோடு, ஓபன் விஸ்விட்ச் என்ற மெய்நிகர் ஸ்விட்சை ஓட்டுவது தனி உலகம். ஹ்யூஜ்பேஜ் (பெரிய நினைவகப் பக்கங்கள்) ஒதுக்க வேண்டும், சில கோர்களை பாக்கெட் வருகிறதா என்று 100 சதவீதமும் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்க விட வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவன அளவில் நியாயம், மற்றவர்கள் கடந்து போய்விடலாம்.

இனி பெயர்கள்

பிஎஃப்சென்ஸ் 2004-இல் மோனோவால் என்ற பழைய ஃபயர்வாலிலிருந்து பிரிந்தது, ஓபிஎன்சென்ஸ் 2015 ஜனவரியில் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்தது. அதே ஆண்டு மோனோவாலை நிறுத்தியபோது அதை உருவாக்கியவரே தன் பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் கைகாட்டினார். இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுபவை, ஓபன்பிஎஸ்டியில் பிறந்த பிஎஃப் வடிகட்டியைப் பயன்படுத்துபவை, முழு அமைப்பையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் வைப்பவை. வலைப்பக்கத்தில் உட்கார்ந்து பலர் நிர்வகிக்க வேண்டும், விதிகளைப் படித்துப் புரிந்துகொள்பவர்கள் எல்லோரும் நெட்வொர்க் ஆட்களாக இருக்கமாட்டார்கள் என்றால் இந்தக் குடும்பம்தான். இரண்டில் நான் ஓபிஎன்சென்ஸ் பக்கம் சாய்வேன். ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்பு வரும் என்பது முன்கூட்டியே தெரியும், ஏபிஐ வழியாக ஸ்கிரிப்ட் எழுதவும் முடியும். கேவிஎம்மில் இந்தக் குடும்பத்தின் பலவீனம் மேலே சொன்ன செக்சம்தான். சுரிகாட்டாவை வைத்து ஊடுருவல் தடுப்பை இயக்க வேண்டுமென்றாலும் ஆஃப்லோடுகளை அணைத்தாக வேண்டும். எப்படியும் அணைக்கப்போவதால் அது புதுச் சுமையில்லை.

வையோஎஸ் வேறு இனம். வயாட்டா என்ற ரூட்டர் மென்பொருளை ப்ரோகேட் நிறுவனம் வாங்கிய பிறகு, 2013-இல் அதன் திறந்த பதிப்பிலிருந்து கிளைத்தது. டெபியன் லினக்ஸ் மேல் ஓடுகிறது, அதனால் விர்ட்ஐஓவோடு பிறவிப் பொருத்தம். வலைப்பக்கம் கிடையாது, எல்லாம் கட்டளை வரி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரே ஒரு கட்டளை. மாற்றங்களை எழுதி முடித்துச் சும்மா கமிட் என்று அடிக்காமல், கமிட்-கன்ஃபர்ம் என்று அடித்து நிமிடங்களைச் சொல்கிறீர்கள். மாற்றம் உடனே அமலுக்கு வரும். சொன்ன நிமிடத்துக்குள் கன்ஃபர்ம் என்று திரும்ப அடிக்காவிட்டால், பழைய அமைப்புக்கு அதுவே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்கிறவருக்கு இதன் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் எஸ்எஸ்எச்சையே அறுக்கும் விதியை எழுதிவிட்டால், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும், கதவு திறக்கும். நீண்ட கால ஆதரவுள்ள தயார் இமேஜ் சந்தாதாரர்களுக்குத்தான், ரோலிங் இமேஜ் (தொடர்ந்து மாறிக்கொண்டே வரும் பதிப்பு) இலவசமாகக் கிடைக்கும். விதிகளைக் கிட் பதிப்புக் களஞ்சியத்தில் வைத்து, அன்சிபிள் என்ற தானியங்குக் கருவி வழியாகத் தள்ளும் குழு என்றால் நான் யோசிக்காமல் வையோஎஸ் சொல்வேன்.

டெபியன் போன்ற ஏதாவது ஒன்றை நிறுவி, என்எஃப்டேபிள்ஸை நீங்களே எழுதுவதும் மரியாதையான தேர்வுதான். 2014-இல் 3.13 கர்னலோடு வந்த இது, ஒரு கோப்பின் மொத்த விதிகளையும் ஒரே மூச்சில் மாற்றுகிறது. பாதி ஏறி பாதி நிற்கும் நிலை இல்லை. ஏற்றாமலே கோப்பைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. இரட்டை ஏற்பாட்டுக்கு கீப்அலைவ்டியும் (ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற) கான்ட்ராக்-டியும் (இணைப்பு அட்டவணையைப் பகிர) வேண்டும், அவற்றையும் நீங்கள்தான் கோக்க வேண்டும். இதன் குறை மென்பொருளில் இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போனால், அடுத்து வருபவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் ஏன் என்று ஒரு வரி குறிப்பு எழுதும் ஒழுக்கம் குழுவில் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

ஃபோர்டிகேட், பாலோ ஆல்டோ போன்றவற்றின் விஎம் பதிப்புகளும் கேவிஎம்முக்கு வருகின்றன. செயலிவாரியாக டிராஃபிக்கைப் பிரிப்பது, தணிக்கைக்கு அறிக்கை கொடுப்பது, ஏற்கெனவே அதே நிறுவனத்தின் நிஜப் பெட்டிகள் இருப்பது என்று காரணங்கள் இருந்தால் இவை சரி. வாங்குவதற்கு முன் உரிமம் எத்தனை விசிபியுவுக்கு என்று பாருங்கள், உங்கள் கார்டும் டிரைவரும் அவர்கள் ஆதரிக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாலோ ஆல்டோவில் உரிமம் விஎம்மின் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. விஎம்மை குளோன் எடுத்தாலோ, எக்ஸ்எம்எல்லைக் கையால் திரும்ப எழுதி யூயூஐடி மாறினாலோ உரிமம் கழன்றுவிடும். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் லிப்வர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் கருவி) வைத்திருக்கும் வரையறையை யூயூஐடியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

எழுப்பிய பிறகு

வெறும் லிப்வர்ட்டா, ப்ராக்ஸ்மாக்ஸா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிடமாட்டேன். ஒரே ஹோஸ்ட், கட்டளை வரி பழக்கம் என்றால் லிப்வர்ட் போதும். இரண்டு மூன்று ஹோஸ்ட், பேக்கப் அட்டவணை, வலைப்பக்கம் வேண்டும் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸ். எதுவானாலும் சில விஷயங்கள் பொது. லிப்வர்ட்டின் கிளீன்-டிராஃபிக் வடிகட்டியையோ ப்ராக்ஸ்மாக்ஸின் மேக் வடிகட்டியையோ ஃபயர்வால் விஎம்மில் போட்டால், எஸ்ஆர்-ஐஓவியில் சொன்ன அதே பொது மேக் பிரச்சினை இங்கேயும் வரும். இரட்டை ஏற்பாட்டில் இரண்டு ஃபயர்வாலுமே தன்னை மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

சிபியு மாடலை ஹோஸ்ட் பாஸ்த்ரூவாக வையுங்கள். பழைய கேவிஎம்64 மாதிரியான பொது மாடல் ஏஇஎஸ் குறியாக்கக் கட்டளைகளை விஎம்மிடமிருந்து மறைத்துவிடும், ஐபிசெக் விபிஎன் சுரங்கத்தின் வேகம் தரையில் உட்கார்ந்துவிடும். வயர்கார்டு விபிஎன் வேறு குறியாக்கத்தைப் பயன்படுத்துவதால் இதில் அடிபடாது. இரண்டு ஹோஸ்ட்களின் சிபியுவும் வேறு வேறு தலைமுறை என்றால் லைவ் மைக்ரேஷனுக்கு இரண்டுக்கும் பொதுவான, ஏஇஎஸ் உள்ள மாடலாகத் தேர்ந்தெடுங்கள்.

நினைவகத்தோடு எடுத்த ஸ்னாப்ஷாட்டை ஃபயர்வாலில் திருப்பிப் போடாதீர்கள். பழைய இணைப்பு அட்டவணையும் பழைய கடிகாரமும் திரும்பி வரும், விபிஎன் சுரங்கங்கள் குழம்பும். விஎம்மை நிறுத்திவிட்டு வட்டை மட்டும் நகல் எடுப்பது அப்கிரேடுக்கு முன் போதும். அன்றாடத்துக்கு அமைப்புக் கோப்பைத் தினமும் வெளியே எடுத்து வைப்பதே உண்மையான பேக்கப். அது சில நூறு கிலோபைட்தான், புது விஎம்மில் ஏற்றினால் பத்து நிமிடத்தில் பழைய ஃபயர்வால் எழுந்துவிடும்.

இப்போது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது. நான் பார்த்துக்கொண்ட ஓர் அமைப்பில் விஎம்களின் வட்டுகள் எல்லாம் நெட்வொர்க் ஸ்டோரேஜில் இருந்தன. ஸ்டோரேஜ் ஒரு விலேனில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கில்), ஹோஸ்ட் இன்னொரு விலேனில், இரண்டுக்கும் நடுவில் ஃபயர்வால் விஎம். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய் எல்லாம் அணைந்தது. திரும்ப வந்தபோது ஹோஸ்ட் எழுந்தது, ஸ்டோரேஜை மவுன்ட் செய்யப் போனது, காத்திருந்தது. ஸ்டோரேஜுக்கு வழி ஃபயர்வால். ஃபயர்வாலின் வட்டு ஸ்டோரேஜில். மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய், ஹோஸ்ட்டுக்கு ஸ்டோரேஜ் விலேனில் கையால் ஒரு முகவரி கொடுத்து, வட்டு இமேஜை ஹோஸ்ட்டின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கிருந்து விஎம்மை எழுப்பினேன். அதுவரை யாருக்கும் இணையம் இல்லை. அன்றிலிருந்து ஃபயர்வாலின் வட்டு ஹோஸ்ட்டின் உள்ளூர் டிஸ்க்கில்தான். ஹோஸ்ட்டின் டிஎன்எஸ், நேரம் இரண்டும் ஃபயர்வால் இல்லாமலும் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். ஃபயர்வால் விஎம்மை ஆட்டோஸ்டார்ட்டில் முதலாவதாக வைக்கிறேன்.

நிர்வாகத்துக்கென்று ஹோஸ்ட்டில் ஒரு போர்ட்டைத் தனியாக ஒதுக்குங்கள். அது ஃபயர்வால் வழியாகப் போகக் கூடாது, எந்த பிரிட்ஜிலும் சேரக் கூடாது. விஎம்முக்குள் சீரியல் கன்சோலைத் திறந்து வையுங்கள், அப்போதுதான் நெட்வொர்க்கே இல்லாதபோதும் லிப்வர்ட்டின் விர்ஷ் கன்சோல் வழியாக உள்ளே போக முடியும். பல ஃபயர்வால்கள் இயல்பில் திரைக்கு மட்டும்தான் பேசும், சீரியலுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். வெளியே வர கன்ட்ரோலையும் வலது சதுர அடைப்பையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் அது நினைவுக்கு வராது.

எல்லாம் அமைத்த பிறகு, இன்னும் யாரும் பயன்படுத்தத் தொடங்காத நேரத்தில் ஃபயர்வால் விஎம்மை நிறுத்துங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து ஹோஸ்ட்டுக்குள் நுழைய முடிகிறதா பாருங்கள். முடிந்தால், ஹோஸ்ட்டின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். எதையும் தொடாமல் எத்தனை நிமிடத்தில் இணையம் திரும்புகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் பயனர்களின் கேபிளைச் செருகுங்கள்.